சப்ளையர் மெயிலில் பேங்க் அக்கவுண்ட் மாறி வந்திருக்கிறது, 98,000 யூரோ அனுப்பலாமா?

திருப்பூர்_கணக்கு:

வணக்கம். பனியன் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். இத்தாலியிலிருந்து காம்பேக்டிங் மெஷின் (துணி பின்னால் சுருங்காதபடி செய்வது) ஒன்று வாங்குகிறோம். மொத்தம் 1,40,000 யூரோ. 30% அட்வான்ஸ், அதாவது 42,000 யூரோ, மூன்று மாதம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. மீதி 98,000 யூரோவை ஷிப்மெண்டுக்கு முன்னால் அனுப்ப வேண்டும்.

நேற்று மாலை சப்ளையரிடமிருந்து மெயில் வந்தது. "எங்கள் வழக்கமான கணக்கில் ஆடிட் நடக்கிறது. இந்த மாதம் அதில் பணம் வாங்க முடியாது. இணைப்பில் உள்ள புதிய கணக்குக்கு நாளை உங்கள் நேரம் பகல் 12 மணிக்குள் அனுப்புங்கள். ஸ்விஃப்ட் காப்பியை (பணம் அனுப்பியதற்கான பேங்க் ரசீது) இதே மெயிலுக்குப் பதிலாகப் போடுங்கள்" என்கிறார்கள். திருத்திய பிஐ (புரோஃபார்மா இன்வாய்ஸ்) இணைப்பில் இருக்கிறது. லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து எல்லாம் பழையபடியே. போன வாரம் நாங்கள் கேட்ட ஸ்பேர் பார்ட்ஸ் கேள்விக்கும் அதே மெயிலில் சரியான பதில் வந்திருக்கிறது. கீழே எங்கள் பழைய மெயில்கள் எல்லாம் தொடர்ச்சியாக இருக்கின்றன. பழைய ஐபேன் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) "ஐடி" என்று ஆரம்பிக்கும், புதியது "ஈஎஸ்" என்று ஆரம்பிக்கிறது. கணக்கின் பெயர் மட்டும் அதே கம்பெனிதான்.

மெஷின் லேட்டானால் சீசன் ஆர்டர் போய்விடும் என்று முதலாளி அவசரப்படுகிறார். இது உண்மையா போலியா என்று எப்படி உறுதி செய்வது? பெயரும் கணக்கு எண்ணும் பொருந்தாவிட்டால் பேங்கே பணத்தைத் திருப்பிவிடும் என்கிறார்கள், அது சரியா? ஒரு சின்னத் தொகையை முதலில் அனுப்பிப் பார்க்கலாமா?


மெயில்_மேஸ்திரி:

முதல்ல பேமெண்டை நிறுத்துங்க. நாள் முழுக்க வேண்டாம், ரெண்டு மணி நேரம் போதும்.

அந்த "பகல் 12 மணி"யைக் கவனிச்சீங்களா? இத்தாலி நம்மளை விட வெயில் காலத்துல மூன்றரை மணி நேரமும் குளிர் காலத்துல நாலரை மணி நேரமும் பின்னால இருக்கு. நம்ம 12 மணிக்கு அங்க காலைல எட்டரையோ ஏழரையோதான். ஆபீஸ்ல போன் எடுக்க ஆள் வர்றதுக்கு முன்னாடி நீங்க பணத்தை அனுப்பி முடிச்சிருக்கணும். கெடுவை அப்படித்தான் வைப்பாங்க.

அதனால மதியம் ஒன்றரை, ரெண்டு மணிக்கு போன் பண்ணுங்க. எந்த நம்பருக்குங்கறதுதான் முக்கியம். இந்த மெயில்ல கீழே இருக்கற நம்பருக்குப் பண்ணாதீங்க. கையெழுத்துப் பகுதியில ஒரே ஒரு எண்ணை மட்டும் மாத்தி வெச்சிருப்பாங்க, அதுக்குக் கூப்பிட்டா எடுக்கறவனும் அவங்க ஆளாத்தான் இருப்பான். முதல்ல போட்ட கான்ட்ராக்ட், எக்சிபிஷன்ல வாங்கின விசிட்டிங் கார்டு, பழைய மெஷினோட மேனுவல், இப்படி இந்த மெயில் வர்றதுக்கு முன்னாடியே உங்க கையில இருந்த நம்பரை எடுங்க. இத்தாலி லேண்ட்லைன்னா பிளஸ் 39-க்கு அப்புறம் வர்ற பூஜ்யத்தையும் சேர்த்து அழுத்தணும். நம்ம ஊர் வழக்கத்துல அதை விட்டுட்டு "லைன் போகலை"ன்னு விட்டுடாதீங்க.

பேசும்போது "இந்த புது அக்கவுண்ட் உங்களுதுதானே?"ன்னு கேட்காதீங்க. அவசரத்துல இருக்கற ஆள் "ஆமா"ன்னு சொல்லிடுவார். "உங்க ஐபேனோட கடைசி நாலு எண் சொல்லுங்க"ன்னு கேளுங்க. எண்ணை அவர் வாயில இருந்து வர வைக்கணும்.

போன் பண்ற வரைக்கும் மெயிலைக் கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. மொபைல்ல அனுப்பினவர் பேர் மட்டும்தான் தெரியும், முகவரி ஒளிஞ்சுக்கும். முகவரியை ஒவ்வொரு எழுத்தா, பழைய மெயில்ல இருக்கறதோட ஒப்பிட்டுப் படிங்க. ஆங்கிலத்துல ஆர், என் ரெண்டையும் ஒட்டி வெச்சா எம் மாதிரியே தெரியும். சின்ன எல்லுக்குப் பதிலா ஒண்ணு, கடைசில ஒரு எஸ் கூடுதல், டாட் காம் இருக்கற இடத்துல டாட் கோ, நடுவுல ஒரு சின்னக் கோடு, இப்படி ஒரு எழுத்து வித்தியாசத்துல புது டொமைன் (முகவரியில @-க்குப் பின்னால வர்ற பேர்) வாங்கியிருப்பாங்க.

அனுப்பினவர் முகவரியோட நிறுத்தாம சிசி வரிசையையும் பாருங்க. அங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. பழைய மெயில்ல சப்ளையரோட சேல்ஸ் மேனேஜர், ஷிப்பிங் ஆள், அக்கவுண்ட்ஸ் ஆள்னு மூணு பேர் சிசி-யில இருந்திருந்தா, போலி மெயில்லயும் அதே மூணு பேரும் இருப்பாங்க, ஆனா மூணுமே அந்தப் போலி டொமைன்ல இருக்கும். நீங்க "ரிப்ளை ஆல்" போட்டா உண்மையான ஆள் ஒருத்தருக்கும் போகாது. சில சமயம் உங்க முதலாளி முகவரியையே ஒரு எழுத்து மாத்திப் போட்டிருப்பாங்க. நீங்க அவருக்கும் காப்பி போறதா நினைச்சுட்டு இருப்பீங்க.

ஜிமெயில்னா மெயிலுக்குப் பக்கத்துல மூணு புள்ளியை அழுத்தி "ஷோ ஒரிஜினல்" எடுத்தா, மெயில் எந்த டொமைன்ல இருந்து வந்துச்சுன்னு சரிபார்க்கற எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணுக்கும் பாஸா ஃபெயிலான்னு வரும். ஃபெயில்னா அது பெரிய எச்சரிக்கை. ஆனா மூணும் பாஸ்னு வந்தா நிம்மதி ஆயிடாதீங்க. அந்த மெயில் அந்த டொமைன்ல இருந்துதான் வந்துச்சுன்னு மட்டும்தான் அது சொல்லுது. போலி டொமைனை வாங்கினவனே அதுக்கு எல்லா ரெக்கார்டும் சரியா போட்டிருப்பான், அதனால எல்லாம் பாஸ் ஆகும். அந்த டொமைன் என்னைக்குப் பதிவாச்சுன்னு ஹூயிஸ்ல (டொமைன் பதிவு விவரம் காட்டற தேடல்) தேடுங்க. முப்பது வருஷ மெஷின் கம்பெனியோட டொமைன் போன வாரம் பதிவாகியிருந்தா முடிஞ்சது கதை.

பிஐ-யோட பிடிஎஃபையும் பாருங்க. அக்ரோபேட்ல ஃபைல் மெனுவுல பிராப்பர்டீஸ் திறந்தா எந்த சாஃப்ட்வேர்ல உருவாச்சு, எப்ப மாத்தினாங்கன்னு இருக்கும். பழைய பிஐ அவங்க பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து வந்திருக்கும், இது ஏதோ ஆன்லைன் பிடிஎஃப் எடிட்டர்ல இருந்து வந்திருக்கும். திரையை 300% பெருசாக்கி பேங்க் வரியை மட்டும் பாருங்க. எண்களோட எழுத்துரு மத்த வரிகளோட கொஞ்சம் ஒட்டாம இருக்கும், இல்லேன்னா வெள்ளைப் பட்டை அடிச்சு அது மேல எழுதின ஓரம் தெரியும். கீழே தொங்கற பழைய மெயில் தொடரையும் நம்பாதீங்க. அதுல இருக்கற பழைய அக்கவுண்ட் எண்ணைக்கூட மாத்தி ஒட்டியிருப்பாங்க. உங்க சென்ட் பாக்ஸ்ல இருக்கற அசலை எடுத்து ஒப்பிடுங்க.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். முகவரி ஒரு எழுத்துகூட மாறாம அப்படியே சரியா இருந்தா, சப்ளையரோட மெயில் பாக்ஸுக்குள்ளயே திருடன் உக்காந்திருக்கலாம். அப்ப மேலே சொன்ன முகவரி, டொமைன் சோதனை எதுவும் பிடிக்காது. போன் ஒண்ணைத்தான் நம்பலாம். ஸ்பேர் பார்ட்ஸ் கேள்விக்குச் சரியான பதில் வந்திருக்குன்னா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரோட மெயிலை யாரோ படிச்சுட்டு இருக்காங்க. அது உங்க பக்கமா இல்லையான்னு இன்னைக்கே பார்க்கணும்.


ஃபாரெக்ஸ்_டெஸ்க்:

பேங்க் சம்பந்தமான கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பெயர் பொருந்தாவிட்டால் பணம் தானாகத் திரும்பும் என்று நம்பி அனுப்பாதீர்கள். ஐரோப்பிய பேமெண்ட் சட்டப்படி, கொடுத்த ஐபேனுக்கு வரவு வைத்துவிட்டால் வங்கி தன் வேலையைச் சரியாகச் செய்ததாகவே கணக்கு. 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளுக்குள் நடக்கும் யூரோ டிரான்ஸ்ஃபரில் பெயரையும் ஐபேனையும் ஒப்பிட்டுக் காட்டும் வசதி கட்டாயமாகியிருக்கிறது. ஆனால் இங்கிருந்து ஸ்விஃப்டில் (வங்கிகளுக்கிடையிலான சர்வதேசத் தகவல் வலை) போகும் உங்கள் ரெமிட்டன்ஸுக்கு அந்தத் திரை வராது.

உள்நாட்டிலும் நீண்ட காலம் இதே நிலைதான். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கிறார்கள், பெயரைப் பார்ப்பதில்லை. நீங்கள் கையெழுத்துப் போடும் ஃபாரத்திலேயே இது அச்சாகியிருக்கும். ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் 30 சுற்றறிக்கையில், அனுப்பும் முன்பே அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று சொன்னது. நெட் பேங்கிங்கில் பெனிஃபிஷியரி சேர்க்கும்போது அந்தப் பெயரை வரவழைத்துப் பாருங்கள். கிளைக்கே போனாலும் கேட்கலாம். யார்ன் டீலர், டையிங், பிரிண்டிங் ஆகியோருக்குப் போகும் பேமெண்டுகளில் இது பெரிய பாதுகாப்பு. இன்வாய்ஸில் பிரைவேட் லிமிடெட் இருக்க, திரையில் ஒரு தனி நபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இப்போது உங்கள் ஐபேன். முதல் இரண்டு எழுத்து நாடு. இத்தாலி ஐபேனுக்கு 27 எழுத்துகள், ஸ்பெயினுக்கு 24. நாட்டுக்கு அடுத்த இரண்டு எண்கள் சரிபார்ப்பு எண்கள். இணையத்தில் "இந்த ஐபேன் செல்லுபடியாகும்" என்று வருவது அந்தச் சரிபார்ப்புக் கணக்கு ஒத்துப்போகிறது என்பதற்குத்தான். கணக்கு யாருடையது என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஸ்விஃப்ட் கோடில் ஐந்தாவது, ஆறாவது எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். அதுவும் ஐபேனின் நாடும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பேங்கிலேயே கேள்வி வரும், அதனால் திருடர்கள் அதில் தவறு செய்வதில்லை. இத்தாலியக் கம்பெனி ஸ்பெயினில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் நடுவழியில், அட்வான்ஸ் வாங்கிய பிறகு, வேறு நாட்டுக் கணக்குக்கு மாறுவது மிகப் பெரிய எச்சரிக்கை மணி. ஆடிட் நடப்பதால் கணக்கில் வரவு வைக்க முடியாது என்பதே பொருளில்லாத காரணம். ஆடிட்டுக்காக யாரும் வரவை நிறுத்தி வைப்பதில்லை.

கணக்கின் பெயரே வேறு கம்பெனியாக இருந்தால், அது மூன்றாம் நபர் பேமெண்ட். அதற்கு பேங்க் ஆதாரம் கேட்கும். ஆனால் இன்வாய்ஸிலேயே அந்தப் பெயர் எழுதியிருந்தால் அதையே ஆதாரமாக ஏற்கும் வாய்ப்பு உண்டு. போலி இன்வாய்ஸில் அதைத்தான் எழுதி அனுப்புவார்கள். பேங்க் கேட்காமல் விட்டதை வைத்து "பேங்கே பார்த்துவிட்டது" என்று நினைக்க வேண்டாம். கவுண்டரில் நாங்கள் பார்ப்பது தாள்கள் ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிக்குப் பொருந்துகின்றனவா என்பதை. அந்தக் கணக்கு உங்கள் சப்ளையருடையதுதானா என்று எங்களால் பார்க்க முடியாது.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. பணம் திருடனுக்குப் போய்விட்டால் அந்த ரெமிட்டன்ஸுக்கு எதிராகச் சரக்கு வராது, பில் ஆஃப் என்ட்ரி (சரக்கு இறக்குமதியானதற்கான கஸ்டம்ஸ் தாள்) கொடுக்க முடியாது. ஐடிபிஎம்எஸ்-ல் (ரிசர்வ் வங்கியின் இறக்குமதிப் பேமெண்ட் கண்காணிப்பு) அந்தப் பதிவு திறந்தே கிடக்கும், அடுத்த இம்போர்ட் பேமெண்டின்போது கேள்வி வரும். சப்ளையருக்குத் தர வேண்டிய 98,000 யூரோவும் பொதுவாக அப்படியே பாக்கியாகத்தான் நிற்கும்.

இந்த அளவு தொகைக்கு எல்சி (லெட்டர் ஆஃப் கிரெடிட், பேங்க் தரும் பேமெண்ட் உத்தரவாதம்) போடுங்கள், அல்லது டாக்குமெண்டை பேங்க் வழியாக வரவழைத்து டிபி முறையில் (பணம் கட்டினால்தான் டாக்குமெண்ட் கைக்கு வரும்) பணம் கட்டுங்கள். கமிஷன் கூடுதலாக ஆகும். ஆனால் கணக்கு எண் உங்களுக்கு மெயிலில் வராது, அவர்கள் பேங்கிலிருந்து நம் பேங்குக்கு வரும். மெயிலைப் படித்துக்கொண்டிருப்பவனுக்கு அங்கே நுழைய இடம் இல்லை.


நூல்கண்டு77:

ஒரு யூரோ மட்டும் அனுப்பிட்டு, வந்துச்சான்னு கேட்டு, வந்துச்சுன்னா மீதியை அனுப்பலாமே? எளிய வழி அதுதானே.


மெயில்_மேஸ்திரி:

@நூல்கண்டு77 இதை மட்டும் செய்யாதீங்க. ஒரு யூரோ திருடன் கணக்குக்குப் போகும். "வந்துச்சா?"ன்னு நீங்க கேக்கற மெயிலும் திருடனுக்குத்தான் போகும். "வந்துச்சு, நன்றி"ன்னு பதில் போடுவான். அந்தக் கணக்கு உயிரோட இருக்குன்னு தெரிஞ்சதைத் தவிர உங்களுக்கு எதுவும் தெரியாது. பழைய நம்பர்ல கூப்பிட்டு, "எங்ககிட்ட இருந்து எவ்வளவு வந்துச்சு?"ன்னு கேட்டு, அவங்க தொகையைச் சொன்னா மட்டும்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு. 1 யூரோன்னு முழுசா அனுப்பாம 3.47 மாதிரி அனுப்பினா ஊகிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எப்படியும் கூப்பிடப் போறீங்கன்னா ஐபேனையே கேட்டுடலாமே, ரெமிட்டன்ஸ் சார்ஜாவது மிச்சம்.


திருப்பூர்_கணக்கு:

ஒன்றே முக்காலுக்குப் பழைய கான்ட்ராக்டில் இருந்த நம்பருக்குப் பேசினேன். கணக்கு மாறவே இல்லை என்கிறார்கள். மெயிலையும் அவர்கள் அனுப்பவில்லை. நீங்கள் சொன்னபடி பார்த்ததில், டொமைனில் ஒரு "ஐ" கூடுதலாக இருக்கிறது. பதிவாகி ஆறு நாள்தான் ஆகிறது. சிசி-யில் இருந்த நாலு முகவரியும் போலி, அதில் எங்கள் முதலாளியுடையதும் ஒன்று. கடைசியாக ஒரு பாயிண்ட்: எங்கள் பர்ச்சேஸ் மெயிலில் யாரும் போடாத ஒரு ரூல் இருக்கிறது. சப்ளையர் டொமைனிலிருந்து வரும் மெயில் எல்லாம் படித்ததாகக் குறிக்கப்பட்டு "ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்" என்ற ஃபோல்டருக்குப் போகிறது. அங்கே சப்ளையர் உண்மையாக அனுப்பிய இரண்டு மெயில்கள் கிடக்கின்றன. இப்போது என்ன செய்வது? அவுட்லுக்தான் பயன்படுத்துகிறோம்.


மெயில்_மேஸ்திரி:

அப்ப நுழைஞ்சது உங்க பக்கம்தான். சப்ளையர் பக்கமும் பார்க்கச் சொல்லுங்க, ஆனா முதல்ல உங்க வீட்டுக் கதவைச் சாத்துங்க.

ரூலை உடனே அழிக்காதீங்க. அது ஸ்கிரீன்ல இருக்கறபடியே படம் எடுங்க, எந்த மெயிலுக்கு என்ன செய்யுதுன்னு முழுசா தெரியணும். போலி மெயிலை ஃபார்வர்ட் பண்ணாம ஃபைலா சேமிச்சு வைங்க. ஃபார்வர்ட் பண்ணினா அசல் ஹெடர் போயிடும், போலீசுக்கு அதுதான் வேணும்.

அதுக்கு அப்புறம், சுத்தமான வேற ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து பாஸ்வேர்டை மாத்துங்க. பாஸ்வேர்டை மாத்தினா வேலை முடிஞ்சதுன்னு நிறைய பேர் இங்கதான் நிறுத்திடறாங்க. திருடன் ஏற்கனவே லாகின் ஆகியிருக்கற செஷன் சில சமயம் அப்படியே உயிரோட இருக்கும். அதனால அட்மின் பக்கத்துல அந்த யூசரோட எல்லா செஷனையும் வெளியேத்துங்க. ரெண்டாம் கட்ட சரிபார்ப்புல யாரோட போன், எந்த ஆப் பதிவாகியிருக்குன்னு பாருங்க. உள்ள வந்ததும் தன்னோட ஆத்தென்டிகேட்டரையும் (லாகின் கோடு தர்ற ஆப்) ஒண்ணு சேர்த்து வெச்சுட்டுப் போறது அவங்க வழக்கம். அந்த அக்கவுண்டுக்கு அனுமதி வாங்கியிருக்கற வெளி ஆப்கள், ஆட்டோ ஃபார்வர்டிங், மெயில் பாக்ஸை வேற யாருக்காவது பகிர்ந்திருக்கா, இது மூணையும் பாருங்க. ஜிமெயில் வெச்சிருக்கறவங்க செட்டிங்ஸ்ல ஃபில்டர், ஃபார்வர்டிங், "சென்ட் மெயில் ஆஸ்" பகுதியில ரிப்ளை டூ முகவரி, ரெக்கவரி போன், ஆப் பாஸ்வேர்டு எல்லாத்தையும் பார்க்கணும். பர்ச்சேஸ் மெயிலோட நிறுத்தாம அக்கவுண்ட்ஸ், மெர்ச்சண்டைசர், முதலாளி மெயில் வரைக்கும் எல்லாத்துலயும் ரூல் இருக்கான்னு பாருங்க. உள்ள இருந்து ஒருத்தர் பேர்ல அனுப்பினா அடுத்த ஆள் யோசிக்காம லிங்க்கைத் திறந்திருப்பார்.

எப்படி நுழைஞ்சாங்க? பெரும்பாலும் "உங்களுக்கு ஒரு டாக்குமெண்ட் பகிரப்பட்டிருக்கு"ன்னு ஒரு லிங்க், திறந்தா மைக்ரோசாஃப்ட் லாகின் மாதிரியே ஒரு பக்கம். இப்ப இருக்கற போலிப் பக்கங்கள் நீங்க போடற ஓடிபியையும் அப்பவே உண்மையான தளத்துக்குக் கடத்தி, லாகின் ஆனதும் கிடைக்கற செஷன் குக்கியை (மறுபடி பாஸ்வேர்டு கேக்காம உள்ள விடற அடையாளம்) எடுத்துக்கும். அதனால ஓடிபி மட்டும் போட்டிருக்கோம்ங்கறது முழுப் பாதுகாப்பு இல்லை. பணம் சம்பந்தப்பட்ட மெயில்களுக்காவது பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா போன்லயோ கம்ப்யூட்டர்லயோ இருக்கற டிஜிட்டல் சாவி), இல்லேன்னா யுஎஸ்பி செக்யூரிட்டி கீ போடுங்க. அது சரியான டொமைன்ல மட்டும்தான் வேலை செய்யும், போலிப் பக்கத்துல பதிலே தராது.

ஹோஸ்டிங் கூட இலவசமா வர்ற வெப்மெயிலை இன்னும் வெச்சிருக்கற கம்பெனிகள் நம்ம ஊர்ல ஏராளம். அதுல பல இடத்துல ரெண்டாம் கட்ட சரிபார்ப்பே கிடையாது, பாஸ்வேர்டு கம்பெனி பேரும் 123-மா இருக்கும். கோடிக்கணக்குல எக்ஸ்போர்ட் பண்ணிட்டு மெயிலுக்கு மாசம் சில நூறு ரூபா செலவு பண்ண யோசிக்கறது ரொம்ப வருத்தமா இருக்கு.

உங்க டொமைன் பேர்லயே வெளியாள் மெயில் அனுப்பாம இருக்க டிமார்க் ரெக்கார்டு போடுங்க. முதல்ல பாலிசியை "நன்"னு (none, எதையும் தடுக்காது) வெச்சு ரிப்போர்ட் மட்டும் வாங்குங்க. ரெண்டு மூணு வாரத்துல உங்க பேர்ல எந்தெந்த சர்வர் அனுப்புதுன்னு தெரிஞ்சுடும். ஈஆர்பி சாஃப்ட்வேர், பேரோல் சாஃப்ட்வேர் எல்லாம் எஸ்பிஎஃப், டிகிம்ல சேர்ந்ததுக்கு அப்புறம் "குவாரண்டைன்", அதுக்கப்புறம் "ரிஜெக்ட்". நேரா ரிஜெக்ட் போட்டா உங்க சொந்த இன்வாய்ஸே பையருக்குப் போகாம போயிடலாம். எஸ்பிஎஃப்ல டிஎன்எஸ் (டொமைன் பதிவேடு) தேடல் பத்துக்கு மேல போனா அது எர்ரர் ஆயிடும், ஒவ்வொரு சர்வீஸா சேர்த்துட்டே போறவங்க இதுல மாட்டிக்குவாங்க. ஒரு எழுத்து மாத்தின டொமைனை டிமார்க் தடுக்காதுன்னும் ஞாபகம் வெச்சுக்குங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. உங்க மெயிலைப் படிச்சவன் உங்க பையர்கள் பட்டியலையும் படிச்சிருப்பான். அடுத்து உங்க பேர்ல ஜெர்மனி பையருக்கு "எங்க பேங்க் மாறிடுச்சு"ன்னு போகும். பணம் அங்க போயிட்டா சரக்கும் போச்சு, ஷிப்பிங் பில்லும் ஈடிபிஎம்எஸ்-ல (ரிசர்வ் வங்கியோட ஏற்றுமதிப் பேமெண்ட் கண்காணிப்பு) திறந்தே கிடக்கும். பாக்கி நிலுவையில இருக்கற எல்லா பையருக்கும் இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லுங்க. மெயில் போட்டுட்டு விட்டுடாதீங்க.


சிவப்புமை:

கம்பெனிக்குள் நடைமுறையை எழுதி ஒட்டுங்கள், வாய்மொழியாக விட்டால் முதலாளி அவசரப்படும் நாளில் காற்றில் போய்விடும். சப்ளையர் மாஸ்டரில் (சப்ளையர் விவரப் பட்டியல்) பேங்க் விவரத்தை மாற்றுபவர் ஒருவர், பேமெண்டை ரிலீஸ் செய்பவர் வேறு ஒருவர். மாற்றம் வந்தால் பழைய நம்பருக்குப் போன் செய்து, யார் யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினார் என்று அந்த இன்வாய்ஸ் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வரி இல்லாத வவுச்சருக்கு ரிலீஸ் கிடையாது, முதலாளியே சொன்னாலும் கிடையாது. "நான் மீட்டிங்கில் இருக்கிறேன், போன் பண்ணாதே, இந்தக் கணக்குக்கு உடனே அனுப்பு" என்று முதலாளி பேரில் வரும் மெயிலும் வாட்ஸாப்பும் இதே திருட்டின் இன்னொரு வேஷம்தான்.

பெரிய கம்பெனிக்கு இது நடக்காது என்று நினைப்பவர்களுக்கு: கூகுள், ஃபேஸ்புக் இரண்டும் 2013 முதல் 2015 வரை 10 கோடி டாலருக்கு மேல் இப்படி இழந்தன. தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் என்ற அவர்களுடைய உண்மையான சப்ளையரின் பெயரிலேயே லிதுவேனியாக்காரர் ஒருவர் கம்பெனி பதிவு செய்து, போலி இன்வாய்ஸ் அனுப்பினார். 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு ஐந்து ஆண்டு சிறை விதித்தது. எஃப்பிஐ-யின் புகார் மையத்துக்கு இந்த வகைத் திருட்டில் 2023 ஒரே ஆண்டில் வந்த நஷ்டக் கணக்கு 290 கோடி டாலருக்கு மேல்.


சாயப்பட்டறை_மணி:

இந்தத் திரியைப் படிச்சுட்டுப் பார்த்தா எங்க கெமிக்கல் சப்ளையர் பேர்ல வந்த மெயிலும் இதே மாதிரிதான். இன்னைக்குக் காலைல பதினோரு மணிக்கு 6,40,000 ரூபா ஆர்டிஜிஎஸ் போயிடுச்சு. உள்நாட்டுக் கணக்குதான். ஏதாவது செய்ய முடியுமா?


ஃபாரெக்ஸ்_டெஸ்க்:

மணி, இதைப் படித்ததும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் கணக்கு எண், யுடிஆர் எண் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்), தொகை, நேரம், போன கணக்கின் எண், ஐஎஃப்எஸ்சி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். ஆர்டிஜிஎஸ் யுடிஆர் 22 எழுத்துகள், ஒன்றுகூடத் தப்பக் கூடாது. பணம் போன கணக்கு உள்ள வங்கிக்கு அங்கிருந்து தகவல் போய், மீதம் இருக்கும் பணத்தை நிறுத்தி வைப்பார்கள். பணம் வேறு கணக்குகளுக்குப் பிரிந்திருந்தால் அந்த வங்கிகளுக்கும் தகவல் தொடரும். ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டும் இரவு பகல் எந்நேரமும் ஓடுவதால் பிரிப்பதற்கு அவர்களுக்கும் நேரம் நிறைய. ஒவ்வொரு பத்து நிமிடமும் கணக்கு.

அதே நேரம் இன்னொருவர் உங்கள் கிளைக்கு நேரில் போய், மோசடி என்று எழுத்தில் கொடுத்து, எதிர் வங்கிக்குத் தகவல் அனுப்பச் சொல்ல வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்குங்கள். பிறகு தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் புகாரை முடித்து, அந்த எண்ணோடு மாவட்ட சைபர் கிரைம் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். நிறுத்தி வைத்த பணம் தானாக வராது, நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். ஆள் மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றுவது ஐடி சட்டம் 66டி.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையில் "மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை" என்று இருப்பதை யாராவது சொல்வார்கள். அது உங்கள் அனுமதி இல்லாமல் போன பணத்துக்கு. இங்கே நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். அதை நம்பி மூன்று நாள் காத்திருக்க வேண்டாம்.

வெளிநாட்டுக்குப் போயிருந்தால் வழி வேறு. உங்கள் பேங்கின் ஃபாரெக்ஸ் பிரிவில் ரெமிட்டன்ஸை ரீகால் செய்யச் சொல்லி, காரணத்தில் "மோசடி" என்றே குறிப்பிடச் சொல்லுங்கள். ஸ்விஃப்டில் அதற்குத் தனிக் குறியீடே உண்டு. "தவறுதலாக அனுப்பிவிட்டோம்" என்று எழுதினால் எதிர் வங்கி சாதாரணக் கோரிக்கையாக நினைத்துக் கணக்குக்காரரிடம் சம்மதம் கேட்கும், அவன்தான் திருடன். யுஇடிஆர் எனப்படும் 36 எழுத்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று அதை வைத்துத் தேடலாம். அமெரிக்க வங்கிக் கணக்குக்குப் போயிருந்தால் எஃப்பிஐ-யின் ஐசி3 (இணையக் குற்றப் புகார் மையம்) தளத்திலும் புகார் போடுங்கள், அமெரிக்கர் அல்லாதவரும் போடலாம். அங்கே 72 மணி நேரத்துக்குள் என்பது முக்கியமான எல்லை.


சாயப்பட்டறை_மணி:

1930-ல லைன் கிடைச்சுது. எதிர் பேங்க்ல 4,10,000 நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு சொன்னாங்க, மீதி வேற கணக்குக்குப் போயிடுச்சாம். கிளைக்குத் தம்பி போயிருக்கான்.


ஃபாரெக்ஸ்_டெஸ்க்:

புகார் எண்ணை பத்திரமாக வையுங்கள். மீதி 2,30,000 போன அடுத்த கணக்கின் விவரம் தெரியவந்தால் அதே புகார் எண்ணில் சேர்க்கச் சொல்லுங்கள், புதிய புகார் போட வேண்டாம். உண்மையான சப்ளையரிடமும் இன்றே பேசுங்கள். அதே திருடன் அவருடைய மற்ற வாடிக்கையாளர்களுக்கும் இதே கணக்கு எண்ணைத்தான் அனுப்பியிருப்பான்.